மேல்மண் ஒருவருக்கு, கீழ்மண் இன்னொருவருக்கு

பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வரி தெரிந்திருக்கும். நான்கெல்லை, சர்வே எண், விஸ்தீரணம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, பத்திர எழுத்தர் மூச்சுவிடாமல் ஒரு தொடரைச் சேர்த்திருப்பார்: நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம், ஆகாமி என்று போகும் அது. புதையல், புதைத்து வைத்த பொருள், தண்ணீர், மரம், கல், இனிமேல் வரப்போகும் பலன் எல்லாம் நிலத்தோடு சேர்ந்து வாங்குபவருக்குப் போய்ச்சேருகின்றன என்பது பொருள். எழுதிக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் முழு அர்த்தம் தெரிந்திருக்காது. ஆனாலும் அது இல்லாவிட்டால் பத்திரம் எழுதிய மாதிரியே இருக்காது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இப்படிப்பட்ட வரியை இரண்டாக வெட்டி, மேலே இருப்பதை ஒருவருக்கும் கீழே இருப்பதை இன்னொருவருக்கும் எழுதி வைத்தார்கள். பல இடங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதனால் யாருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. பிறகு எண்ணெய் வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த குடும்பத்துக்கு மாதாமாதம் காசோலை வந்தது; அந்தப் பக்கம் இருந்த குடும்பத்துக்கு லாரிப் புழுதி வந்தது. இரண்டு குடும்பங்களும் விதைத்தது ஒரே கோதுமைதான். தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருந்த ஒரு வரிதான் வேறு.

நிலத்தடி வளத்தைக் குத்தகைக்கு விடுவதா, ஒரேயடியாக விற்றுவிடுவதா என்ற கேள்வியோடு அந்த மக்கள் பட்ட பாட்டில் நமக்கும் பாடம் இருக்கிறது. காவிரிப் படுகையின் அடியிலும் எண்ணெய் இருக்கிறதே.

பாறைக்குள் ஒளிந்த எண்ணெய்

கனடா எல்லையை ஒட்டிய வடக்கு டகோட்டாவில், டயோகா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1951 ஏப்ரலில் முதன்முதலாக எண்ணெய் கிடைத்தது. அந்த வட்டாரத்தின் பாறையடுக்கு ஒன்றை 1953இல் விவரித்த புவியியலாளர், துளையிடப்பட்ட நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயி ஹென்றி பாக்கனின் பெயரையே அதற்கு வைத்தார். பாக்கன் பாறையில் எண்ணெய் இருப்பது அப்போதிருந்தே தெரியும். எடுக்கத்தான் வழி தெரியவில்லை. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில், இறுகிய பாறையின் நுண்துளைகளுக்குள் அது சிக்கிக் கிடந்தது.

அரை நூற்றாண்டு கழித்து இரண்டு தொழில்நுட்பங்கள் கைகோத்தன. செங்குத்தாக இறங்கிய துளையை அடியில் படுக்கைவாட்டில் திருப்பி இன்னொரு 3 கிலோமீட்டர் கொண்டுபோவது ஒன்று. அந்தத் துளைக்குள் நீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் ‘ஃபிராக்கிங்’ மற்றொன்று. 2006இல் அதே மாநிலத்தின் பார்ஷல் எண்ணெய் வயலில் நல்ல கிணறு அமைந்தது. 2008 ஏப்ரலில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம், பாக்கன் அடுக்கிலிருந்து 300 கோடி முதல் 430 கோடி பீப்பாய் வரை எடுக்க முடியும் என்று மதிப்பிட்டது. அதோடு ஓட்டம் தொடங்கிவிட்டது. 2006இல் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பீப்பாய் சொச்சமாக இருந்த மாநிலத்தின் உற்பத்தி, 2014 ஏப்ரலில் 10 லட்சத்தைத் தாண்டியது. 2012இலேயே அலாஸ்காவை முந்தி, டெக்சாஸுக்கு அடுத்த இடத்தை அது பிடித்துவிட்டது. 2010இல் 14,716 பேர் வாழ்ந்த வில்லிஸ்டன் நகரில் 2020 கணக்கெடுப்பின்போது 29,160 பேர். வீட்டு வாடகை பெருநகரங்களோடு போட்டி போட்டது. வேலை தேடி வந்தவர்கள் காருக்குள் படுத்து உறங்கினார்கள்.

1930களின் கையெழுத்து

அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியில் உள்ள எண்ணெய் தனியாருக்கே சொந்தமாக இருக்கலாம். அதை மேல்மண்ணிலிருந்து பிரித்து விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு உயில் எழுதலாம். நிலத்தை விற்றுவிட்டு அதன் அடியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். தோப்பை விற்றவர் மாமரத்தை மட்டும் தனக்கென்று நிறுத்திக்கொள்வது மாதிரி.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறியவர்களுக்குத் தலைக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அதில் அடிமண்ணும் சேர்த்தி. 1916ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில், மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்த மத்திய அரசு கனிமத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டது. பெரிய வெட்டு விழுந்தது 1930களில். மழை பொய்த்தது, புழுதிப் புயல் அடித்தது, கோதுமை விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலத்தை வங்கிகள் எடுத்துக்கொண்டன. பின்னர் அதையே திருப்பி விற்றபோது, கனிமத்தில் ஒரு பகுதியைத் தங்களுக்கென்று ஒதுக்கி எழுதின. மாநில அரசும் 1941 முதல், தான் விற்கும் நிலத்தின் கனிமத்தில் 50 சதவீதத்தை நிறுத்திக்கொண்டது. வாங்கிய விவசாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க நியாயமில்லை. நிலம் கிடைக்கிறது, உழலாம், பிள்ளைகளுக்குச் சோறு போடலாம். எண்ணெயே கண்டுபிடிக்கப்படாத ஊரில் பாதி எண்ணெயை விட்டுக்கொடுப்பதில் என்ன நட்டம்?

எழுபது ஆண்டு கழித்துப் பேரனின் வயலுக்குத் துளைக்கருவி வந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. அமெரிக்கச் சட்டப்படி கீழ்மண் உரிமையே மேலானது. எண்ணெய் எடுக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேல்மண்ணைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மேல்மண்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்லித் தடுக்க முடியாது. 1979இல் வடக்கு டகோட்டா இயற்றிய சட்டம் பயிர்ச் சேதத்துக்கும் நில மதிப்பு இழப்புக்கும் இழப்பீடு வாங்கித் தருகிறது. ஆனால் இழப்பீடு வேறு, பங்கு வேறு. மூன்று தலைமுறையாக அதே மண்ணில் உழைத்தவருக்கு இழப்பீடு; கலிபோர்னியாவில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் யாரோ ஒருவருக்குப் பங்கு.

வாசலில் நின்ற தரகர்

எண்ணெய் நிறுவனம் நேரடியாக வருவதில்லை. முதலில் வருபவர் ‘லேண்ட்மேன்’ எனப்படும் நிலத் தரகர். எண்ணெய் எழுச்சி உச்சத்தில் இருந்தபோது, கவுன்ட்டி எனப்படும் மாவட்டங்களின் பதிவகங்களில் இவர்கள் வரிசையில் நின்றார்கள். யார் யாருக்கு விற்றார், யார் எதை ஒதுக்கிக்கொண்டார், யார் இறந்தார், வாரிசுகள் எங்கே என்று கனமான பதிவேடுகளைப் புரட்டினார்கள். நம்மூரில் வில்லங்கம் போட்டு மூலப்பத்திரம் தேடுகிற அதே வேலைதான். ஒரு பாட்டி வைத்திருந்த 160 ஏக்கர் கனிமம், நான்கு பிள்ளைகள் வழியாகப் பதினாறு பேரக்குழந்தைகளுக்குப் பிரிந்து, ஆளுக்குப் பத்து ஏக்கராக நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும். தங்களுக்கு அப்படி ஒரு சொத்து இருப்பதே தரகர் போன் செய்த பிறகுதான் பலருக்குத் தெரியும்.

தரகர் நீட்டும் குத்தகைத் தாளில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, கையெழுத்துப் போட்டதும் கிடைக்கும் முன்பணம்; ஏக்கருக்கு இவ்வளவு. எல்லோர் கண்ணும் இதில்தான் விழும். இரண்டாவது ராயல்டி, அதாவது நம் ஊர் மேல்வாரம்: செலவில் பங்கில்லாமல் விளைச்சலில் பங்கு. வழக்கமாக எட்டில் ஒன்று என்று அச்சிட்டே இருக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் ஆறில் ஒன்று வரைக்கும், சில இடங்களில் ஐந்தில் ஒன்று வரைக்கும் வாங்கினார்கள். மூன்றாவது காலம்: மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இருக்கும். ஆனால் அதற்குள் கிணறு தோண்டி எண்ணெய் வந்துவிட்டால், வருகிறவரைக்கும் குத்தகை தொடரும். மூன்று ஆண்டுக் குத்தகை முப்பது ஆண்டு ஓடக்கூடும் என்பது தாளின் முதல் பக்கத்தில் இருக்காது. நான்காவது கழிவு: எண்ணெயையும் வாயுவையும் சுத்திகரித்து, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை ராயல்டியில் பிடிக்கலாமா கூடாதா என்ற ஒற்றை வரி.

இது காசோலையில் எப்படி வந்து நிற்கிறது என்று பார்ப்போம். பாக்கனில் ஒரு கிணற்றுத் தொகுதிக்கு 1,280 ஏக்கர் ஒதுக்குவது வழக்கம். அதில் ஒருவருக்கு 40 ஏக்கர் கனிமம் இருந்தால், அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ராயல்டி ஆறில் ஒன்று என்றால், தொகுதியிலிருந்து வரும் ஒவ்வொரு 192 பீப்பாயிலும் அவருக்கு ஒரு பீப்பாய். புதுக்கிணறு நாளுக்கு 500 பீப்பாய் தருகிறது, விலை 90 டாலர் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஏறத்தாழ 7,000 டாலர். எட்டில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டிருந்தால் 5,300 டாலருக்கும் கீழே. ஒரே ஒரு பின்ன எண்ணைக் கேட்டு வாங்காததற்கு மாதாமாதம் கால்பங்கு அபராதம். இதிலிருந்து உற்பத்தி வரியும் வருமான வரியும் போக வேண்டும்.

மகிழ்ச்சி அத்தோடு நிற்பதில்லை, குறைகிறது. இந்த வகைக் கிணறுகளின் விளைச்சல் முதல் ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நாளுக்கு 200 பீப்பாய், விலை 45 டாலர் என்று ஆகிவிட்டால், அதே காசோலை 1,400 டாலர். முதல் மூன்று மாதக் காசோலையை நம்பிக் கடன் வாங்கி வீடு கட்டியவர் என்ன ஆவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விலையும் அப்படித்தான் ஆனது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க முன்பேரச் சந்தையில் மைனஸ் 37 டாலரையும் தொட்டது.

விற்பதா, வைத்திருப்பதா?

குத்தகைத் தரகருக்குப் பின்னாலேயே இன்னொருவர் வருவார். அவர் கேட்பது குத்தகை இல்லை, கனிம உரிமையையே மொத்தமாகக் கிரயம். தபாலில் வரும் கடிதத்தில் தொகை பெரிய எழுத்தில் இருக்கும்; பத்து நாளில் பதில் சொல்லுங்கள் என்றும் இருக்கும்.

விற்பது எப்போதும் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்பது வயதில், மருத்துவச் செலவோடு இருப்பவர், இருபது ஆண்டு வரப்போகும் ராயல்டிக்காகக் காத்திருக்க வேண்டுமா? 2014 கோடையில் விற்றவர்கள் அடுத்த ஆண்டு புத்திசாலிகளாகத் தெரிந்தார்கள். பாதியை விற்று, பாதியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் காப்புத் தேடியவர்களும் உண்டு. ஆனால் வாங்க வருபவர் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார் என்பதுதான் விஷயம். தொடக்கத்தில் ஒரு தொகுதிக்கு ஒரு கிணறு என்றுதான் மக்கள் கணக்குப் போட்டார்கள். பிறகு அதே 1,280 ஏக்கரில் நான்கு, எட்டு என்று கிணறுகள் வந்தன. பாக்கனுக்கு அடியில் திரீ ஃபோர்க்ஸ் என்ற இன்னொரு அடுக்கும் எண்ணெய் கொடுத்தது. 2013இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இரண்டையும் சேர்த்து 740 கோடி பீப்பாய் என்று மதிப்பை உயர்த்தியது. ஒரு கிணற்று விலைக்கு விற்றவர், வரவிருந்த ஏழு கிணறுகளையும் சேர்த்தே விற்றிருந்தார்.

இந்தத் தகவல் இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஃபோர்ட் பெர்த்தோல்ட் சாட்சி. மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா என்ற மூன்று பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலம் அது. 1950களில் காரிசன் அணையின் நீர்த்தேக்கம் அவர்களுடைய வளமான ஆற்றங்கரை வயல்களை விழுங்கியது. மேட்டு நிலத்துக்கு ஏறினார்கள். அந்த மேட்டுக்கு அடியில்தான் எண்ணெய் இருந்தது. ஏக்கருக்கு 50 டாலர் என்ற விலைக்குக்கூட அங்கே குத்தகைகள் எழுதப்பட்டன. இப்படிக் குத்தகைகளைச் சேர்த்த ஓர் இடைநிலை நிறுவனம், 2010 இறுதியில் ஏறத்தாழ 86,000 ஏக்கர் குத்தகையோடு 92.5 கோடி டாலருக்குக் கைமாறியது. சராசரி ஏக்கருக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். பழங்குடி நிலக் குத்தகைகளுக்கு மத்திய அரசின் ஒப்புதல் கட்டாயம். பாதுகாவலர் பக்கத்தில் இருந்தும் நடந்தது இது. உரிமை கையில் இருந்தது, பத்திரம் இருந்தது, மேற்பார்வையும் இருந்தது. அடியில் என்ன இருக்கிறது, பக்கத்து ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்ற தகவல் மட்டும் ஒரு பக்கத்தில் இல்லை. கையெழுத்துக்கு முந்தைய நாள் வரைக்கும்தான் உரிமைக்காரருக்குப் பலம்.

கோதுமை வயலில் ஒரு வாடை

மேலே வாழ்பவர் கதைக்கு வருவோம். ஒரு கிணறு தோண்டி உற்பத்திக்கு வர ஏறத்தாழ 2,000 லாரி நடை தேவைப்படுகிறது. நீர் போகிறது, மணல் போகிறது, கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய கழிவுநீர் திரும்பி வருகிறது. எண்ணெய் கொட்டினால் மண்ணைச் சுட்டுச் சுத்தம் செய்யலாம். உப்புநீர் கொட்டிய மண்ணில் பல ஆண்டுகளுக்குப் பயிர் எழாது. 2015 ஜனவரியில் வில்லிஸ்டனுக்கு அருகே ஒரு குழாயிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் காலன் உப்புநீர் கசிந்து ஓடையில் கலந்தது.

2013 செப்டம்பரில் டயோகாவுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார். சில நாட்களாகவே காற்றில் எண்ணெய் வாடை. அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தில் கரிய பிசுக்கு ஒட்டியபோதுதான் காரணம் புரிந்தது. வயலுக்கு அடியில் போன குழாயிலிருந்து 20,000 பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெய் வெளியேறியிருந்தது. கசிவைக் கண்டுபிடித்தது கட்டுப்பாட்டு அறையில் இருந்த கருவி இல்லை. வயலில் நின்ற மனிதரின் மூக்கு. ஆபத்தை முதலில் அறிபவரும் சுமப்பவரும் மேல்மண்காரர் என்றால், வளத்தின் கணக்கில் அவர் பெயர் எங்குமே இல்லாமல் போவது என்ன நியாயம்?

எண்ணெயோடு வந்த வாயுவைக் கொண்டுபோகக் குழாய் இல்லாததால், எழுச்சிக் காலத்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அப்படியே கொளுத்திவிட்டார்கள். இரவில் விண்வெளியிலிருந்து பார்த்தால், ஊரே இல்லாத புல்வெளி ஒரு பெருநகரம்போல ஒளிர்ந்தது. எரிந்த வாயுவில் தங்கள் ராயல்டியும் எரிந்தது என்று கனிம உரிமையாளர்கள் 2013இல் நீதிமன்றம் ஏறினார்கள்.

வடக்கு டகோட்டாவிடம் கற்க நல்லதும் இருக்கிறது. இருபது ஆண்டு பயன்படுத்தாமலும் பதிவு செய்யாமலும் விட்ட கனிம உரிமை, உரிய அறிவிப்புக்குப் பிறகு மேல்மண்காரருக்கே போய்ச்சேரலாம் என்று 1983இல் சட்டம் செய்தது. ராயல்டியைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒவ்வொரு கிணற்றின் விளைச்சலும் மாதாமாதம் பொதுப்பதிவில் ஏறுகிறது. 2010இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய சேமிப்பு நிதிக்கு, 2011 முதல் எண்ணெய் வரி வருவாயில் 30 சதவீதம் போகிறது. பேரப்பிள்ளைகளின் பங்கு என்ற ஒன்று இருப்பதை அந்த மாநிலம் சட்டமாகவே ஒப்புக்கொண்டது.

நம் படுகையில்

நம் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். அங்கே தாத்தா போட்ட கையெழுத்து பிரச்சினை. இங்கே கையெழுத்துக்கே வேலையில்லை. எண்ணெய் வயல்கள் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டப்படி உரிமம் தருவது அரசு. நிலப்பகுதியில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. நரிமணத்திலும் கமலாபுரத்திலும் குத்தாலத்திலும் பல்லாண்டுகளாக எண்ணெயும் வாயுவும் வருகின்றன. கிணறு அமைத்த இடத்துக்கு வாடகை, பயிருக்கு இழப்பீடு என்பதோடு விவசாயியின் கணக்கு முடிந்துவிடுகிறது. குழாய் போகும் நிலத்துக்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருகிறது. நிலம் அவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய்க்கு மேல் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. பத்திரத்தில் எழுதிய நிதியும் நிக்ஷேபமும்கூட 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

பேரம் பேசக்கூட இடமில்லாதவர்களுக்குப் போராட்டம்தான் ஒரே மொழி. 2017இல் நெடுவாசல் கிராமம் எண்ணெய், வாயு எடுப்பை எதிர்த்து அதைப் பேசியது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, டெல்டாவில் புதிய எண்ணெய் எடுப்புக்குத் தடை போட்டது. ஏற்கெனவே ஓடும் கிணறுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேலே வாழ்பவர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் எதுவுமில்லை.

இதில் ஒரு விசித்திரம். நிலக்கரி, இரும்புத்தாது எடுக்கும் மாவட்டங்களில், பாதிக்கப்படும் மக்களுக்காக ராயல்டியோடு கூடுதல் தொகை வாங்கிச் செலவிட மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை அமைக்க வேண்டும் என்று 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் ‘கனிமம்’ என்ற வரையறையில் எண்ணெய் சேராது. ஜார்க்கண்ட் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. நாகப்பட்டினத்து எண்ணெய்க் கிணற்றை ஒட்டிய கிராமத்துக்கு அந்த இடம் இல்லை.

அமெரிக்க வழியை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அரை ஏக்கர், முக்கால் ஏக்கராகத் துண்டுபட்ட நம் டெல்டாவில் தனிமனிதருக்குக் கனிம உரிமை கொடுத்தால், அறுவடைக்கு முந்தைய கஷ்ட மாதத்திலேயே அது தரகர் கைக்குப் போய்விடும். 1930களின் டகோட்டா அதைக் காட்டியிருக்கிறது. உரிமை யார் பெயரில் இருந்தாலும் மேல்மண்ணில் வாழ்பவருக்கு வருவாயில் சட்டப்படி ஒரு பங்கு வேண்டும். எண்ணெய் மாவட்டங்களுக்கும் கனிம அறக்கட்டளைபோல ஓர் ஏற்பாடு அதற்குத் தொடக்கமாக இருக்கும். ஒவ்வொரு கிணற்றின் விளைச்சலும் கழிவுநீரும் அது அகற்றப்படும் இடமும் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் மாதாமாதம் எழுதப்பட வேண்டும். கிணறு வற்றிய பிறகு மண்ணைப் பழையபடி ஆக்கும் செலவை, தோண்டுவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

பழைய பத்திர எழுத்தர்கள் புதையலோடும் தண்ணீரோடும் நிறுத்தாமல் ‘ஆகாமி’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். இன்னும் வராத, வரப்போகிற பலன். 1930களில் வங்கி நீட்டிய தாளில் கையெழுத்திட்ட டகோட்டா விவசாயி விட்டுக்கொடுத்தது அதைத்தான். பத்து நாள் கெடு வைத்த கடிதத்துக்குப் பதில் எழுதிய பேரன் விற்றதும் அதைத்தான். நம் டெல்டா விவசாயியின் பீரோவில் இருக்கும் பத்திரத்தில் அந்தச் சொல் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதற்கு ஏதாவது பொருள் உண்டா என்பதைத்தான் சட்டம் சொல்ல வேண்டும்.